முன்வரிசையில் இருப்பவர்

வணக்கம் நேயர்களே.

இந்த வாரம் எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எதை வாசிக்கலாம் என்று சொல்லும்படி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பகிடி சொல்லிப் பிழைக்கிற ஆளிடம் இதைக் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மற்றவர்களின் பகிடிக்கு இலேசில் சிரிக்க மாட்டார்கள். "நல்லாயிருக்கு" என்று தலையை ஆட்டிவிட்டு, சபை எந்தச் சொல்லில் சிரித்தது, அதற்கு முன் அந்த ஆள் எவ்வளவு நேரம் பேசாமல் நின்றார் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஆகவே இன்று நான் சொல்லப்போகிறவை அந்தக் கணக்கை மறக்கடித்து என்னைச் சிரிக்க வைத்தவை. சிரிப்புக்கு அவ்வளவு சம்பந்தமில்லாத ஒன்றும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்பதற்கு. வயது அறுபதைத் தாண்டிய யாரிடமாவது "கோமாளிகளின் கும்மாளம்" என்று சொல்லிப் பாருங்கள், ஆளுடைய முகம் மாறும். 1970களில் இலங்கை வானொலியில் வந்த தொடர் நாடகம் அது. எழுதியவர் எஸ். ராமதாஸ். முக்கியமான ஆட்கள் நாலு பேர்: மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர். மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ். உபாலி பேசுவது, சிங்களவர் ஒருவர் மனம் வைத்துத் தமிழ் பேசினால் வருகிற தமிழ். ஐயருக்கு ஐயர் பேச்சு. நாடகம் அப்படிப் பிடித்துப்போய், 1976இல் "கோமாளிகள்" என்ற பெயரில் படமாகவும் வந்துவிட்டது.

யார் யாராக நடித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ருசியான விஷயம். மரிக்காராக வந்தவர் ராமதாஸ். சிங்கள உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன். ஐயராக வந்தவர் பி.எச். அப்துல் ஹமீத்! அப்புக்குட்டி, டி. ராஜகோபால். ராமதாஸ் முஸ்லிமாக, அப்துல் ஹமீத் ஐயராக, இடையில் தமிழர் ஒருவர் சிங்களவராக. கேட்டவர்கள் எவரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கோபம் இருக்கட்டும், பாத்திரத்தின் பெயரைத் தூக்கி நடிகரின் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம்.

அது ஏன் எடுபட்டது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாலு பேருடைய பேச்சையும் காதால் நன்றாகக் கேட்டு எழுதியது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எந்த வீட்டு வானொலியில் அது போகும் என்று எழுதியவருக்குத் தெரியும். முஸ்லிம்கள் நிறைந்த மாளிகாவத்தையிலும் கேட்பார்கள், கொட்டாஞ்சேனையிலும் கேட்பார்கள், வெள்ளவத்தையிலும் கேட்பார்கள். மரிக்காரைக் கேலி செய்தால் அடுத்த நாள் காலையில் உண்மையான மரிக்கார் ஒருவர் கடை வாசலில் நிற்பார். அந்தப் பயமும் மரியாதையும் சேர்ந்துதான் அந்த நாடகத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே நானும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். யாருடைய பேச்சைப் பேசிக் காட்டுகிறோமோ, அந்த ஆள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தால் அதே பகிடியை அதே குரலில் சொல்வோமா? கொழும்பில் இது சும்மா ஒரு கற்பனைக் கேள்வி இல்லை. இங்கே எந்த மண்டபத்திலும் அந்த ஆள் இருப்பார். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கலியாண வரவேற்பில், பெயர் வேண்டாம், ஒரு கலைஞர் மைக்கைப் பிடித்து மலையகப் பேச்சை நக்கலடித்துக்கொண்டிருந்தார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. சுவர் ஓரமாகச் சோடாப் போத்தல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பையன் ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையை ஒரு தடவை பார்த்தான், பிறகு போத்தல்களைத் திறக்கத் தொடங்கினான். மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பையன் என்று பிறகு சமையல்காரர் சொன்னார். அந்தக் கலைஞருக்குக் கைதட்டல் கிடைத்தது, காசும் கிடைத்தது. என் பரீட்சையில் அவருக்கு முட்டை.

சரி, அடுத்தது. கே.எஸ். பாலச்சந்திரனின் "அண்ணை றைட்" என்ற தனிநடிப்பு. தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள், ஆனால் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டீர்கள்? ஒரே ஒரு ஆள். பஸ் இல்லை, சாரதி இல்லை, பயணிகள் இல்லை. யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டர் மட்டும் நிற்கிறார். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் ஒரு ஆள் முளைக்கிறார். மற்றவர் என்ன சொன்னார் என்பது நமக்குக் கேட்காது, கொண்டக்டரின் பதிலில் இருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். பகிடியின் பாதியைக் கேட்பவனே போட்டு நிரப்புகிறான். எங்கள் தொழிலில் இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. நான் இதைத் திருடப் பார்த்திருக்கிறேன். திருடக் கூடியதாக இல்லை, ஏனென்றால் அதில் வசனத்தைவிட மூச்சு விடுகிற இடங்கள்தான் அதிகம்.

பாலச்சந்திரன் 2014இல் கனடாவில் காலமானார். மேடை, வானொலி, சினிமா எல்லாவற்றிலும் இருந்தவர், நாவலும் எழுதியவர். ஆனாலும் சனம் அவரை அந்த பஸ்ஸிலிருந்து இறங்க விடவில்லை.

கேட்டு முடித்த பிறகு 101ஆம் இலக்க பஸ்ஸில் மொறட்டுவையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒருதடவை ஏறிப் பாருங்கள். பின்வாசலில் தொங்குகிற கொண்டக்டர் சிங்களத்தில் "இஸ்ஸரஹட்ட யன்ட" என்று கத்துவார். முன்னுக்குப் போக ஒரு அங்குலம் இடம் இருக்காது. வெள்ளவத்தைச் சந்தையடியில் மரக்கறிப் பையோடு ஏறுகிற அம்மாவைக் கண்டதும் அதே வாய் தமிழுக்கு மாறி "அம்மா, உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று குழையும். நோட்டை விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொண்டு, மிச்சக் காசைக் கேட்டால் மட்டும் எந்த மொழியும் தெரியாதவராகிவிடுவார். பாலச்சந்திரனின் ஆள் கொழும்புக்கு மாற்றலாகி வந்ததுபோல இருக்கும்.

சிங்களம் அரைகுறையாக விளங்கும் என்பவர்களுக்கு ஒன்று. அனஸ்லி டயஸ், பெர்ட்டி குணதிலக, சாமுவெல் ரொட்ரிகோ மூவரும் சேர்ந்து செய்த "வினோத சமய" வானொலிப் பகிடிகள் பழைய பதிவுகளாகக் கிடைக்கும். சொல்லுக்குச் சொல் விளங்காவிட்டாலும் மூன்று குரல்கள் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடுகிற நேர்த்தியைக் கேட்கலாம். எங்கள் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கப் பள்ளிக்கூடப் புத்தகத்தைவிட இது உதவும் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

பார்ப்பதற்கு இரண்டு. ஒன்று, ரொமேஷ் ரங்கநாதன். இங்கிலாந்தில் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளை, முதலில் கணித ஆசிரியர், பிறகு நகைச்சுவைக்கு வந்தவர். 2015இல் பிபிசிக்குச் செய்த "ஏஷியன் புரொவொகேட்டர்" என்ற தொடரில், உனக்கு உன் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லி அவருடைய அம்மா அவரை இலங்கைக்கு அனுப்பி வைக்கிறார். மகன் பேர்போன கலைஞர்தான், ஆனால் சிரிப்பை வாரிக்கொண்டு போவது அம்மா. வெளிநாட்டில் மருமக்கள், பேரப்பிள்ளைகள் இருக்கிற எல்லா வீட்டிலும் அந்த அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கும்.

மற்றது நான் முதலில் சொன்ன, சிரிப்புக்குச் சம்பந்தம் குறைந்த சமாச்சாரம். "சோங் ஒஃப் சிலோன்", 1934இல் பசில் ரைட் எடுத்த விவரணப் படம், நாற்பது நிமிடம் அளவு. இணையத்தில் அகப்படும். காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலைக்கு விளம்பரம் கேட்டவர்களுக்கு, மலை ஏறும் யாத்திரிகர்களும் நடனக்காரர்களும் கடற்கரையும் கலந்த ஒரு கவிதையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் காலத்து விளம்பரக் கொம்பனி எதிலாவது இப்படிச் செய்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா? பின்னணிக் குரல் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. 1681இல் ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இருந்து அவர் வாசிக்கிறார். கில்ஃபர்ட் கிரசென்ட்டில் நாங்கள் நாடகம் பார்க்கப் போகிற அரங்கு வென்ட்டின் பெயரில்தான் இருக்கிறது. அவர் 1944இலேயே இறந்துவிட்டார், அரங்கு திறந்தது 1953இல்.

படம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள். வியாபாரத்தைப் பற்றிய பகுதியில் தந்தி, தொலைபேசி, விலைப்பட்டியல் என்று வெள்ளைக்காரக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கின்றன. கொழுந்து எடுக்கிற பெண்கள் படத்தில் வருகிறார்கள், கை வேகமாக ஓடுகிறது. அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. என் முன்வரிசைப் பரீட்சையை இந்தப் படத்துக்கும் வைக்கலாம். இங்கே அந்த ஆட்களைத் திரைக்குள்ளேயே உட்கார வைத்து வாயைப் பொத்தியிருக்கிறார்கள்.

இனி வாசிப்பு. "சிரித்திரன்" சஞ்சிகையைப் பற்றி இளம் ஆட்களிடம் கேட்டால் தெரியாது என்கிறார்கள். கார்ட்டூன் கலைஞர் சிவஞானசுந்தரம், சுந்தர் என்று கையெழுத்துப் போடுகிறவர், 1963இல் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன பத்திரிகை. "செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்" என்பது அவருடைய வாக்கு. பழைய இதழ்கள் பல "நூலகம்" என்ற இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. தொலைபேசியிலேயே வாசிக்கலாம். பழுப்பேறிய தாள், ஓரத்தில் யாரோ பேனாவால் போட்ட கோடு, எல்லாம் அப்படியே தெரியும். எடுத்தவுடன் பகிடித் துணுக்குக்குப் போகாதீர்கள். "மகுடி" பதில்களுக்குப் போங்கள். வாசகர் கேட்கிற கேள்வி நீளமாக இருக்கும், பதில் ஒரு வரிதான், அந்த ஒரு வரிக்குள் கேட்டவருக்கும் ஒரு குட்டு இருக்கும். பிறகு "மிஸிஸ் டாமோடிரன்". கொழும்புக்கு வந்து இங்கிலீஷ் மோகம் பிடித்த எங்கள் மாமிமார் எல்லோரும் அந்த ஒரு அம்மாவுக்குள் இருக்கிறார்கள். அந்த மாமிமாரின் வீட்டுக்கும் சிரித்திரன் போயிருக்கும், அதுதான் விசேஷம்.

அ. முத்துலிங்கத்தின் "உண்மை கலந்த நாட்குறிப்புகள்" அடுத்தது. கொக்குவிலில் பிறந்து, ஆபிரிக்கா, ஆப்கானிஸ்தான் என்று வேலை பார்த்து, கனடாவில் குடியேறியவர். 2008இல் வந்த புத்தகம். நாவல் என்கிறார்கள், சுயசரிதை என்கிறார்கள், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுக்காரனைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. விளங்காமல் விழிக்கிற தன்னையே நடுவில் நிறுத்துகிறார். வசனங்கள் முகத்தைச் சுளிக்காமல் நிற்கும், நாலு வரி தாண்டிய பிறகுதான் உங்களுக்குச் சிரிப்பு வரும். பஸ்ஸில் வாசிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு, ஷெஹான் கருணாதிலக்கவின் "த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா". 2022இல் புக்கர் பரிசு வாங்கியது. 1990ஆம் ஆண்டுக் கொழும்பு. செத்துப்போன புகைப்படக்காரன் ஒருவன் கண் விழித்தால், மறு உலகம் எங்கள் அரசாங்கக் கந்தோர் மாதிரி இருக்கிறது: கியூ, படிவம், பதில் சொல்ல ஆளில்லாத கவுண்டர். அவனுடைய உடல் பேரே வாவியில். இவ்வளவு கொலையைப் பற்றி எழுதிய புத்தகத்தில் சிரிக்கலாமா என்று எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் அதில் பகிடி பேசுகிறவர்கள் செத்தவர்கள். அவர்களைவிட உரிமை உள்ளவர்கள் யார்?

உரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 மே மாதம் மேடையில் சொன்ன பகிடிக்காக ஒரு பெண் கலைஞரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்தார்கள். ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுக்கும் வரை அவர் உள்ளே இருந்தார். பிரயோகித்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்துக்காக வந்த சட்டம். உரிமைச் சட்டத்தில் ஆளை உள்ளே போட்டதைவிட நல்ல பகிடியை என்னால் எழுத முடியாது. அந்தப் பகிடி நல்லதா கெட்டதா என்பதை முன்வரிசைக்காரர் சொல்லட்டும். அவர் எழுந்து போகலாம், கூக்காட்டலாம், காசைத் திருப்பிக் கேட்கலாம். கைவிலங்கோடு வருகிறவருக்கு அங்கே வேலையில்லை.

முத்துலிங்கத்தின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வசதி இல்லை என்பவர்கள் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் விசாரியுங்கள். காலி வீதியில் இறங்கி நடக்கிற தூரம்தான். போவதற்கு முன் ஒரு போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள், அப்புறம் பூட்டியிருந்தது என்று என்னைத் திட்ட வேண்டாம். நன்றி, வணக்கம்.