ஒரு பென்னிக்கு நாலு உருளைக்கிழங்கு

வணக்கம் நேயர்களே. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமென்றால் சுமார் 2,400 கிலோமீட்டர் கடல் தாண்ட வேண்டும், அந்தப் பக்கத்து ஊரும் செயின்ட் ஹெலினா என்கிற இன்னொரு தீவுதான். தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்யா தீவுக்கூட்டத்தைத்தான் சொல்கிறேன். விமான நிலையம் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பல் ஏறினால் கிட்டத்தட்ட ஒரு வாரப் பயணம், அதுவும் கடல் மனது வைத்தால்தான் கரையில் கால் வைக்கலாம். 1506இல் இதைப் பார்த்துத் தன் பெயரை வைத்த போர்த்துகீசிய மாலுமிக்கே இறங்க முடியவில்லை.

இங்கே ஆட்கள் குடியேறியதற்கு ஒருவகையில் நெப்போலியன்தான் காரணம். அவரைச் செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்த ஆங்கிலேயர்களுக்கு, யாராவது இந்தத் தீவில் தங்கி அவரை மீட்டுவிடுவார்களோ என்று பயம். 1816இல் இங்கே ஒரு படையை நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே படை கிளம்பிவிட்டது, ஆனால் வில்லியம் கிளாஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மனைவி மக்களோடு இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று தங்கிவிட்டார். அப்புறம் கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவர்கள், திமிங்கல வேட்டைக்கு வந்தவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இன்றைக்கும் மொத்தம் 250 பேருக்குள்தான், குடும்பப் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரெபெட்டோ, லவரெல்லோ என்ற இரண்டும் 1892இல் உடைந்த ஒரு கப்பலில் வந்த இத்தாலிக்காரர்கள் விட்டுச்சென்றவை.

எனக்கு ரொம்பப் பிடித்தது இவர்களுடைய உருளைக்கிழங்குக் கதை. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காற்றுக்கு மறைப்பாகக் கல்சுவர் எழுப்பிய சின்னச் சின்னத் தோட்டங்கள், குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனியாக. இரண்டாம் உலகப் போரில் கடற்படை வந்து இறங்கும்வரை இங்கே பணப்புழக்கமே கிடையாது என்றே சொல்லலாம், கிழங்கைக் கொடுத்துத்தான் பொருள் வாங்குவார்கள். 1946இல் எங்களுக்கென்று தபால்தலை வேண்டும் என்று மனுப் போட்டபோது, கூடவே ஒரு மாதிரித் தபால்தலையையும் அச்சடித்து அனுப்பினார்கள். அதில் பென்குயின் படம், விலை ஒரு பென்னி, பக்கத்திலேயே 'நாலு உருளைக்கிழங்கு' என்று எழுதியிருந்தது! லண்டன் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 1952இல் கடைசியில் கிடைத்ததுகூட செயின்ட் ஹெலினாவின் தபால்தலைமேல் இவர்கள் பெயரை அடித்துக் கொடுத்ததுதான். ரசனை கெட்ட ஆபீஸ், வேறென்ன சொல்ல?

1961 அக்டோபரில் ஊரை ஒட்டியே எரிமலை வெடித்தது. எல்லோரையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சவுதாம்ப்டன் அருகே பழைய விமானப்படை முகாமில் குடிவைத்தார்கள். வேலை, கடைத்தெரு, டிவி, பஸ் எல்லாம் கிடைத்தது, இனி எதற்குத் திரும்பப் போகிறார்கள் என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷக் கடைசியில் ஓட்டுப் போட்டபோது, திரும்பிப் போகலாம் என்று 148 பேர், வேண்டாம் என்று 5 பேர். சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலையை எரிமலைக்குழம்பு விழுங்கியிருந்தது, ஆனாலும் 1963இல் போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பாவம் இந்தத் தீவு மக்கள் என்று உச்சுக்கொட்டுகிறவர்களிடம் நான் இந்த ஓட்டு எண்ணிக்கையைத்தான் சொல்வேன்.

இந்தத் தீவுக்கூட்டத்திலேயே 'எட்டாத்தீவு' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு தீவு உண்டு, மனிதர்கள் கிடையாது. பறக்க முடியாத பறவைகளில் உலகத்திலேயே சின்னது அங்கே மட்டும்தான் வாழ்கிறது. நம் குளத்தங்கரைக் கானாங்கோழிக்குத் தூரத்து உறவு, எடையில் ஒரு கோழிமுட்டையைவிடக் குறைவு. இதன் மூதாதை சுமார் 15 லட்சம் வருஷங்களுக்கு முன் தென் அமெரிக்காவிலிருந்து பறந்து வந்ததாம். தின்ன வரும் விலங்கு எதுவும் இல்லை, அப்புறம் எதற்குச் சிறகு?

சரி, இந்தத் தீவுகளில் இருக்கும் ஒரே ஊரின் பெயர் 'ஏழு கடல்களின் எடின்பரோ'. பார்சலெல்லாம் ஸ்காட்லாந்து எடின்பரோவுக்குப் போய்விடும் என்கிற தொல்லை தீர, 2005இல்தான் இவர்களுக்கென்று ஒரு அஞ்சல் குறியீடு கொடுத்தார்கள். பார்சல் வர இன்னமும் கப்பலுக்குத்தான் காத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.