சூப்புக்குள்ள கோலிக்குண்டு! வீட்டுலயே சாப்பாட்டை அழகா போட்டோ எடுக்கலாம் வாங்க

[திரையில்: ஒரு கிண்ணம் சூப். ஒரு கை கோலிக்குண்டுகளை ஒவ்வொண்ணா உள்ள போடுது.]

இந்த சூப்பைக் குடிச்சா பல்லு உடைஞ்சிடும். உள்ள கிடக்கறது நிஜமாவே கண்ணாடிக் கோலி!

இது என் கண்டுபிடிப்பு இல்லைங்க. அமெரிக்காவுல கேம்ப்பெல் சூப் கம்பெனியோட விளம்பரத்துல பண்ணினது. காய்த்துண்டு எல்லாம் அடியில போய் உக்காந்துக்குது, படத்துல வெறும் தண்ணிதான் தெரியுது. அடியில கோலியைப் பரப்பினா காய் மேல ஏறி நிக்கும். பாக்கறவங்க, "அடேங்கப்பா, கிண்ணம் நிறைய காய்!"னு வாயைப் பொளப்பாங்க. வியாபாரத்துல ஏமாத்து நடக்காம பாத்துக்கற அமெரிக்க அரசு அமைப்பு, ஃபெடரல் டிரேட் கமிஷன், இதைப் பிடிச்சிடுச்சு. இனி இந்த வேலை கூடாதுன்னு 1970-ல உத்தரவே வந்துச்சு.

நாம சூப் விக்கலையே! அதனால பெரிய கிண்ணத்துக்குள்ள ஒரு குட்டிக் கிண்ணத்தைக் கவுத்து வெச்சுட்டு சூப்பை ஊத்துங்க. காய் மேலயே நிக்கும், எந்தக் கமிஷனும் கதவைத் தட்டாது.

சாப்பாட்டை போட்டோ எடுக்கறது இந்தக் காலத்துப் பைத்தியம்னு யாராவது திட்டினா, 1840-கள்லயே டால்பட்ங்கற ஆங்கிலேயர் ரெண்டு கூடைப் பழத்தை எடுத்துட்டார்னு சொல்லுங்க. வரலாறு அவ்வளவுதான், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: சுவிட்சை அணைக்கும் கை]

முதல் வேலை, லைட்டை அணைங்க. ஆமா, அணைக்கத்தான் சொல்றேன். வெளிச்சத்தோட நிறத்தை கெல்வின்ங்கற அளவுல சொல்லுவாங்க. குண்டு பல்பு வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், மஞ்சள். பகல் வெளிச்சம் சுமார் 5500, அதைவிட நீலம் தூக்கலா இருக்கும். ரெண்டும் ஒரே தட்டுல விழுந்தா கேமரா எந்தப் பக்கம் சாயும், பாவம்? பாதித் தட்டு மஞ்சக்காமாலை, பாதித் தட்டு குளிர்ல விறைச்ச மாதிரி வரும். என் முதல் படங்கள் எல்லாம் அந்த ரகம்தான். காட்ட மாட்டேன், கேக்காதீங்க.

அடுத்து, தட்டோட ஜன்னல் பக்கம் போங்க. ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கக் கூடாது. தட்டுக்குப் பக்கவாட்டுல, இல்லைன்னா தட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கணும்.

ஏன்னு கேளுங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சாயங்கால வெயில்ல மண் தரையைப் பாத்திருக்கீங்களா? உச்சி வெயில்ல சப்பையாக் கிடந்த அதே தரையில, இப்ப ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் நீளமா ஒரு வால் முளைச்சிருக்கும். கல்லு அதேதான், வெளிச்சம் சாஞ்சிருக்கு. பிரெட்டோட சொரசொரப்பு, கேக்கோட ஓட்டை எல்லாம் அந்தக் கூழாங்கல் மாதிரிதான். சாஞ்ச வெளிச்சம் வந்தாத்தான் அதெல்லாம் இருக்கறதே தெரியும். ஃபிளாஷ் போட்டீங்கன்னா? ராத்திரி நிறுத்தி மூஞ்சியில டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும், மொத்தமா வெளிறிப் போயிடும்.

சூடான சாப்பாட்டுல எழும்பற ஆவியும் இதே கதைதான். நாம பாக்கற ஆவி, பொடிப்பொடி நீர்த்துளி. கதவு இடுக்குல விழற வெயில்ல தூசி பளபளன்னு மிதக்குமே, அது மாதிரி பின்னாடி வெளிச்சமும் கறுப்பான பின்னணியும் இருந்தா ஆவி தனியா எழுந்து வரும். முன்னாடி லைட் அடிச்சா, இருக்கற இடமே தெரியாது.

வெயில் சுள்ளுன்னு விழுந்தா ஜன்னல்ல மெல்லிசான வெள்ளைத் துணி கட்டுங்க. மறுபக்கம் நிழல் ரொம்பக் கறுத்தா ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்க. நிழலை முழுசா விரட்டிடாதீங்க, அப்புறம் உணவு தட்டுல உக்காராது, மிதக்கும்.

கோணம்? தட்டையா இருந்தா மேலேர்ந்து, அடுக்கா இருந்தா எதிர்லேர்ந்து, மத்ததுக்கு 45 டிகிரி. போன்ல எடுத்தா மூக்கு இடிக்கற அளவுக்குக் கிட்டப் போகாதீங்க, தட்டு கோணிக்கும்; ரெண்டடி பின்னாடி வந்து 2x ஜூம்ல எடுங்க. லென்ஸைத் துடைங்க, அதுல முழுக்க உங்க கைரேகை.

இன்னொண்ணு: காலித் தட்டை வெச்சு எல்லாத்தையும் சரிபண்ணிட்டு, கடைசியா உணவைப் பரிமாறுங்க. வீட்டுல பசியோட நிக்கறவங்க சாபம் பொல்லாதது.

[திரையில்: ஜன்னலோரம் ஒரு துண்டு பிரெட்]

இப்பவே ஒரு துண்டு பிரெட்டை ஜன்னலோரம் வெச்சு, அதைச் சுத்தி நடந்து எட்டு படம் எடுங்க. எந்தப் பக்கம் நின்னப்போ நல்லா வந்துச்சுன்னு கமெண்ட்ல போடுங்க, சப்ஸ்கிரைபையும் ஒரு தட்டு தட்டுங்க. எனக்கு இங்க சூப் ஆறிட்டிருக்கு. கோலியை எடுத்துட்டுக் குடிக்கணும். வரேன்!