ஆற்றுக் கல்லில் வழுக்கும் பழுப்புப் பாசி: உங்கள் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் ஊர் படித்துறையில் கல்லெல்லாம் பழுப்பாக வழுக்குகிறது. பச்சையாக இருந்தால் பாசி என்று தெரியும், இது என்ன? தண்ணீர் கெட்டுப்போனதற்கு அடையாளமா? இதை வைத்து புராஜெக்ட் பண்ண முடியுமா?"

அதுவும் பாசிதாம்மா. டயாட்டம் என்று பெயர். உள்ளே பச்சையம் இருக்கிறது, ஆனால் ஃபியூகோசாந்தின் என்ற பழுப்பு நிறமி அதை மறைத்துவிடுகிறது, அதனால்தான் கல்மேல் டீக்கறை படிந்த மாதிரி தெரிகிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். அதைச் சுற்றி சிலிக்காவால் ஆன ஓடு, கிட்டத்தட்ட கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விபூதி சம்படம் இருக்கும் இல்லையா, அடிப்பாகத்தின் மேல் மூடி கவிந்து உட்காருமே, அதே அமைப்பு. செல் இரண்டாகப் பிரியும்போது ஒன்று மூடியை எடுத்துக்கொள்ளும், இன்னொன்று அடிப்பாகத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டுமே தனக்குக் கிடைத்ததை மூடியாக்கிக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதிதாக ஓர் அடிப்பாகம் செய்துகொள்ளும். அப்படியென்றால் அடிப்பாகம் கிடைத்த செல் கொஞ்சம் சிறுத்துவிடும், அதன் பிள்ளை இன்னும் சிறுக்கும். இப்படியே போனால் கடைசியில் என்ன ஆவது? ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் பாலினப் பெருக்கம் நடந்து, பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆக்சோஸ்போர் என்ற செல்லாக உப்பி, மறுபடி பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. எத்தனை தடவை பாடம் எடுத்தாலும் இந்த இடத்தில் எனக்கு ஆச்சரியம் அடங்குவதே இல்லை.

அப்புறம் தண்ணீர் விஷயம். பாசி இருந்தாலே தண்ணீர் கெட்டுவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தெளிந்த மலை ஓடையிலும் கல் வழுக்கத்தான் செய்யும். எந்தெந்த இனம் இருக்கிறது, மொத்தம் எத்தனை இனம் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இதை ஊன்றிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ரூத் பேட்ரிக் என்ற அமெரிக்க அம்மையார். பிலடெல்பியாவில் இயற்கை அறிவியல் அகாடமியில் சம்பளமே இல்லாமல் வருடக்கணக்கில் வேலை பார்த்தார், 1945இல்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1948இல் பென்சில்வேனியாவின் கோனெஸ்டோகா ஆற்றுப் பகுதிக்கு ஒரு குழுவோடு போய், நல்ல தண்ணீர் ஓடும் இடம், கழிவு கலக்கும் இடம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். நல்ல தண்ணீரில் இனங்கள் நிறைய, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். கெட்ட தண்ணீரில் இனங்கள் குறைந்துபோய், தாக்குப்பிடிக்கிற இரண்டு மூன்று மட்டும் ஏகப்பட்டது பெருகிக் கிடக்கும். சாக்கடை கலந்த இடத்தில் நிட்ஸ்சியா பேலியா என்ற டயாட்டம் அடிக்கடி கூட்டமாக வரும், அது அப்படிப்பட்ட இனம். அந்த அம்மா 2013இல் 105 வயதில் காலமானார். ஆற்றின் உடல்நிலையை அதில் வாழும் உயிர்களை வைத்துச் சொல்லும் முறைக்கு அவர் போட்ட அடித்தளம் பெரியது.

"பாட்டிலில் தண்ணீர் பிடித்து லேபில் கொடுத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். கொடுக்க வேண்டியதுதான், ஆனால் அந்த பாட்டிலில் இருப்பது நீங்கள் பிடித்த அந்த நிமிடத்துத் தண்ணீர். ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைத் திறந்துவிட்டால் காலையில் அது எங்கேயோ போயிருக்கும். கல்லில் ஒட்டிய டயாட்டம் எங்கும் போகாது, போன சில வாரமாக அந்த இடத்தில் என்ன வந்தது என்பதை அங்கேயே இருந்து அனுபவித்திருக்கும்.

புராஜெக்ட் தாராளமாகப் பண்ணலாம். வெயில் படுகிற, தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஐந்து கல் எடுங்கள். பச்சை நூல்பாசி மூடிய கல் வேண்டாம். ஒரு தட்டில் வைத்து, மேல்பக்கத்தை மட்டும் பழைய டூத் பிரஷால் தேய்த்து, கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவினால் தட்டில் பழுப்புத் தண்ணீர் சேரும். அன்றைக்கே ஒரு சொட்டு ஸ்லைடில் வைத்து, கவர்ஸ்லிப் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் பாருங்கள். இரண்டு முனையும் கூம்பிய ஓடம் மாதிரி ஒன்று தானாக நகரும். துடுப்பு இல்லை, வால் இல்லை. நேராகப் போகும், ஒரு மண்துகளில் முட்டும், நின்று, திரும்பாமல் அப்படியே பின்னால் வரும். நேவிகுலா என்று அதற்குப் பெயர், லத்தீனில் சின்னக் கப்பல் என்று அர்த்தம். ஓட்டில் நீளவாட்டில் ஒரு கீறல் இருக்கிறது, அதன் வழியே பசை மாதிரி ஒன்றைக் கசியவிட்டுத்தான் நகர்கிறது. உள்ளே மினுங்கும் சின்ன உருண்டைகள் எண்ணெய்.

இனம் கண்டுபிடிப்பது அடுத்த கட்டம். உள்ளே இருப்பதையெல்லாம் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது அமிலம் விட்டு எரித்து, வெறும் ஓட்டை மட்டும் எடுத்து, 1000 மடங்கில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டின் மேல் 10 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எத்தனை கோடு என்று எண்ணித்தான் பல இனங்களைப் பிரிக்கிறார்கள். இதைக் கல்லூரி லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், வீட்டில் வேண்டவே வேண்டாம். கல்லூரியில் இருந்துகொண்டு செய்கிற காரியமா என்று தயங்காதீர்கள். இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் நடத்தியவர்தான்.

ஒன்றில் மட்டும் கவனம். குளத்திலோ அணையிலோ பச்சைப் பெயிண்ட் ஊற்றிய மாதிரி படலம் மிதந்தால் அதில் கை வைக்காதீர்கள். அது டயாட்டம் கிடையாது, பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, சிலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில், ஏரியில் பெருகிய இந்தப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீரில் கலந்து, 4 லட்சம் பேருக்குமேல் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள்.

அப்புறம், வெள்ளம் வடிந்த மறுநாள் போய்க் கல் எடுக்காதீர்கள். வெள்ளம் கல்லைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும், புதிதாக ஒட்டியதற்கு அந்த இடத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. நாலு வாரம் பொறுத்துப் போங்கள். தேய்த்தெடுத்த பாசியைக் கொண்டுபோகும் டப்பாவில் தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தண்ணீர் பட்டால் அழிந்துவிடும்.