திபேரியஸ் உண்மையிலேயே கொடுங்கோலரா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ரோமின் இரண்டாம் பேரரசர் திபேரியஸைக் காப்ரித் தீவில் ஒதுங்கியிருந்து கொடுமையும் காமக் களியாட்டமும் நடத்திய கிழவர் என்று ஒரு நூல் சொல்கிறது. கருவூலத்தை நிரப்பிவைத்த சிறந்த நிர்வாகி என்று இன்னொரு நூல் சொல்கிறது. எதை நம்புவது?"

இந்த இரண்டு சித்திரங்களுமே பழைய நூல்களில் இருப்பவைதான். ஆகவே அவற்றை எழுதியவர்கள் யார், எப்போது எழுதினார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திபேரியஸ் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டார். அவர் உயிரோடிருந்தபோதே எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருக்கும் வரலாறு ஒன்றே ஒன்று. அது வெல்லேயஸ் பட்டெர்குலஸ் கி.பி. 30இல் முடித்த சுருக்கமான ரோமானிய வரலாறு. ஜெர்மானியாவிலும் பன்னோனியாவிலும் திபேரியஸின் கீழ்ப் போரிட்ட அதிகாரி அவர். தம் தளபதியைப் புகழ்ந்து தள்ளுவதோடு, அப்போது உச்சத்தில் இருந்த காவற்படைத் தலைவர் செஜானஸையும் அவர் புகழ்கிறார். மறு ஆண்டே செஜானஸ் துரோகி என்று கொல்லப்பட்டார். மற்ற மூன்று பெரிய ஆசிரியர்களும் பிற்காலத்தவர்கள். டாசிடஸும் சூட்டோனியஸும் திபேரியஸ் இறந்து எண்பது ஆண்டுகள் அளவில் கழிந்த பின்னரே எழுதினார்கள்; கிரேக்கரான காசியஸ் டியோ மூன்றாம் நூற்றாண்டில் எழுதினார்.

இவர்களில் டாசிடஸைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இன்று நம் மனத்தில் இருக்கும் இருண்ட திபேரியஸைச் செதுக்கியவர் அவரே. தம் 'ஆண்டு வரலாறு' நூலின் தொடக்கத்திலேயே, திபேரியஸ் முதல் நீரோ வரையிலான பேரரசர்களின் வரலாறு அவர்கள் வாழ்ந்தபோது அச்சத்தாலும், இறந்த பின் வெறுப்பாலும் பொய்யாக எழுதப்பட்டது என்று குறிப்பிட்டு, தாம் கோபமோ சார்போ இன்றி எழுதப்போவதாக உறுதியளிக்கிறார். அவர் அதை நேர்மையாகவே சொன்னார் என்று நான் நம்புகிறேன். ஆனால் அவருக்குள் ஒரு காயம் இருந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட பேரரசர் டொமிஷியனின் ஆட்சியில், ரோமின் உயர்குடி ஆலோசனை மன்றமான செனட்டில் உறுப்பினராக இருந்து, சக உறுப்பினர்கள் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டதை வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த டொமிஷியன், திபேரியஸின் குறிப்புகளையும் நடவடிக்கைப் பதிவுகளையும் தவிர வேறெதையும் படித்ததில்லை என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். தாம் கண்ட கொடுங்கோன்மையின் வேர் எங்கே என்று தேடிய டாசிடஸுக்கு அது திபேரியஸிடம் தென்பட்டதில் வியப்பில்லை.

அவருடைய எழுத்து முறையை ஓரிடத்தில் நிறுத்திக் கவனியுங்கள். கி.பி. 19இல் திபேரியஸின் வளர்ப்பு மகனும் மக்களின் அன்புக்குரியவருமான ஜெர்மானிக்கஸ் அந்தியோக்கியாவில் இறந்தார். அவருடைய சாம்பல் ரோமுக்கு வந்தபோது திபேரியஸும் அவருடைய தாய் லிவியாவும் பொதுவெளியில் தோன்றவில்லை. இதுவரை நிகழ்ச்சி. அடுத்து டாசிடஸ் காரணம் சொல்கிறார்: வெளிப்படையாக அழுவது தங்கள் கண்ணியத்துக்குக் குறைவு என்று கருதியிருக்கலாம், அல்லது எல்லோரும் தங்கள் முகத்தை உற்றுப் பார்த்தால் போலித்தனம் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சியிருக்கலாம். இரண்டு காரணங்களை வைத்துவிட்டு, கெட்டதை இறுதியில் நிறுத்துகிறார். படித்து முடித்தவர் நினைவில் தங்குவது அந்தக் கடைசிக் காரணம்தான். மறுத்துச் சொல்ல வழியில்லாத குற்றச்சாட்டு இது, ஏனென்றால் அது செயலைப் பற்றியதல்ல, நெஞ்சுக்குள் இருந்ததைப் பற்றியது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அரிய சான்று ஒன்று கிடைத்திருக்கிறது. ஜெர்மானிக்கஸின் மரணத்துக்குக் காரணம் என்று குற்றம் சாட்டப்பட்ட சிரியாவின் ஆளுநர் பிசோவின் வழக்கில் செனட் கி.பி. 20இல் நிறைவேற்றிய தீர்மானம், வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்ட நிலையில் தென் ஸ்பெயினில் கண்டெடுக்கப்பட்டு 1996இல் பதிப்பிக்கப்பட்டது. வழக்கின் போக்கு, தண்டனைகள், பிசோவின் மனைவி பிளான்சினா லிவியாவின் வேண்டுகோளால் மன்னிக்கப்பட்டது ஆகியவற்றில் அது டாசிடஸோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. காலக்கணக்கு போன்ற சில இடங்களில் மட்டும் முரண்படுகிறது. ஆனால் தொனி முற்றிலும் வேறு. அந்தத் தீர்மானத்தில் திபேரியஸ் துக்கத்தில் ஆழ்ந்த தந்தை. அவர் தம் துயரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று செனட் கேட்டுக்கொள்கிறது. அரசவைப் புகழுரையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் டாசிடஸ் நிகழ்ச்சிகளைக் கற்பனை செய்யவில்லை என்பதும், அவருடைய திபேரியஸ் உருவாவது அவற்றுக்கு அவர் தரும் விளக்கத்தில்தான் என்பதும் இந்த ஒப்பீட்டில் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

அவருடைய மூலங்களில் ஒன்று ஜெர்மானிக்கஸின் மகளும் நீரோவின் தாயுமான இளைய அக்ரிப்பினா எழுதிய குடும்ப நினைவுக் குறிப்புகள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் தாயும் இரண்டு அண்ணன்மாரும் திபேரியஸின் ஆட்சியில் அழிந்தவர்கள்.

இருந்தும் டாசிடஸ் மறைக்காமல் எழுதிவைத்தவற்றைக் கொண்டே திபேரியஸுக்காக வாதாடலாம். கி.பி. 17இல் ஆசிய மாகாணத்தில் (இன்றைய மேற்குத் துருக்கி) பன்னிரண்டு நகரங்கள் நிலநடுக்கத்தில் சிதைந்தபோது சார்திஸ் நகருக்கு ஒரு கோடி செஸ்டர்ஸும் (ரோமானிய நாணயம்) ஐந்தாண்டு வரி விலக்கும் வழங்கியது, கி.பி. 33இல் கடன் நெருக்கடி முற்றியபோது மூன்றாண்டுகளுக்கு வட்டியில்லாமல் பத்துக் கோடி செஸ்டர்ஸ் கடன் தர ஏற்பாடு செய்தது, தமக்குக் கோயில் எழுப்ப ஸ்பெயின் மக்கள் அனுமதி கேட்டபோது தாம் சாகும் மனிதனே என்று மறுத்தது எல்லாம் அவர் நூலில்தான் இருக்கின்றன. ரோமானியப் பெண்களின் ரத்தினங்களுக்காக நம் பணம் அயல்நாடுகளுக்குப் போகிறதே என்று திபேரியஸ் செனட்டுக்கு எழுதிய கடிதத்தையும் அவரே தருகிறார். கொங்கு நாட்டுப் புதையல்களில் திபேரியஸின் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதை அறிந்த நமக்கு அந்த வரி தனிச்சுவை உடையது.

இனி காப்ரி. கி.பி. 26இல் ரோமை விட்டுப் புறப்பட்டவர் அதன் பின் நகருக்குள் நுழையவேயில்லை. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. உடன் சென்றவர்களில் சட்ட அறிஞர் நெர்வாவும் கிரேக்கக் கல்விமான்களும் இருந்தார்கள். நேயர் குறிப்பிடும் காமக் கதைகள் விரிவாக வருவது சூட்டோனியஸிடம். அவர் காலவரிசையில் எழுதாமல் நற்குணம், தீக்குணம் என்று தலைப்புப் பிரித்து எழுதுபவர். தீக்குணத் தலைப்புக்குக் கேள்விப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து குவிப்பார். எதிரியைப் படுக்கையறைப் பழி சொல்லித் தாக்குவது ரோமானிய அரசியலில் நெடுநாள் வழக்கம். மக்கள் கண்ணுக்கு எட்டாத தீவில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்த ஆட்சியாளரைப் பற்றி அத்தகைய கதைகள் பெருகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதே காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபைலோ, திபேரியஸின் ஆட்சியை அமைதியும் நிறைவும் தந்த காலமாகவே நினைவுகூர்கிறார். ஆகவே அந்தக் கதைகளை நான் வரலாறாக ஏற்பதில்லை.

கொடுமை என்ற பகுதியை அப்படித் தள்ளிவிட முடியாது. ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் புரூட்டஸைப் புகழ்ந்தும் காசியஸைக் கடைசி ரோமானியன் என்று அழைத்தும் எழுதியதற்காகக் கிரெமூட்டியஸ் கோர்டஸ் என்ற வரலாற்றாசிரியர் கி.பி. 25இல் குற்றம் சாட்டப்பட்டுப் பட்டினி கிடந்து உயிர் விட்டார். அவர் நூல்களை எரிக்க ஆணை பிறந்தது. செஜானஸின் வீழ்ச்சிக்குப் பின் அவருடைய சிறு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளின் கொலையை எந்த நிர்வாகத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது. மாகாணங்களில் வாழ்ந்தவருக்கு நல்லாட்சி, ரோமில் செனட் குடும்பத்தாருக்கு அச்சத்தின் ஆட்சி: நேயர் படித்த இரண்டு நூல்களும் இவற்றில் ஒவ்வொரு பக்கத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றன.

மூலங்களைத் தாமே படிக்க விரும்புவோர் டாசிடஸின் ஆறாம் நூலின் இறுதியில் வரும் திபேரியஸின் மரணக் காட்சியையும் சூட்டோனியஸ் தரும் காட்சியையும் அருகருகே வையுங்கள். துணிகளை மேலே குவித்து மூச்சடைக்க வைத்துக் கொன்றதாக டாசிடஸ் உறுதியாகச் சொல்கிறார். சூட்டோனியஸோ நஞ்சு, உணவு மறுப்பு, தலையணை என்று வதந்திகளை வரிசைப்படுத்திவிட்டு, பணியாட்களை அழைத்தும் யாரும் வராததால் தாமே எழுந்தவர் கட்டிலருகே விழுந்து இறந்தார் என்ற ரோமானிய எழுத்தாளர் செனிக்காவின் கூற்றையும் சேர்க்கிறார். இவர்களில் செனிக்காதான் காலத்தால் முந்தியவர்.