காசநோய்க்குப் புதிய மருந்து: மூலிகை அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். "காசநோய்க்கான அடுத்த மருந்தைத் தேடச் சிறந்த இடம் மூலிகையா, வேதியியல் கூடமா?" என்னும் தலைப்பில், மூலிகையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

இன்று காசநோய்க் கிருமியைக் கொல்லும் மாத்திரைகளில் ஒன்றுகூடச் செடியிலிருந்து வந்ததில்லை என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொன்னார். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் முதலிடம் கொடுத்த காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எங்கிருந்து வந்தது? பிரான்சின் தென்கடலோரப் பைன் காட்டில் எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி சுரந்த ரிஃபாமைசினை, வாய்வழி உட்கொள்ளத்தக்கதாக வேதியியலாளர்கள் திருத்தியமைத்ததே அது. "அது நுண்ணுயிரி, செடி அல்லவே" என்று எதிரணி முணுமுணுப்பது காதில் விழுகிறது. சரி, செடிக்கே வருகிறேன்.

நம் ஊர் வேலியோரத்து ஆடாதோடையின் இலையிலுள்ள வாசிசின் என்னும் சேர்மத்தை முன்மாதிரியாகக் கொண்டு பிறந்ததே இருமல் மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்சின். அதுவும் அதன் உறவு மருந்தான அம்ப்ராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரியவந்தது. மலேசியாவின் சரவாக் காட்டு மரமொன்றில் எச்.ஐ.வி.க்காகக் கண்டெடுக்கப்பட்ட கலனோலைடு என்னும் சேர்மம், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளையும் சோதனையில் கட்டுப்படுத்தியது. மிளகின் பைப்பரினோ மாத்திரைக்குள்ளேயே நுழைந்துவிட்டது. ரிஃபாம்பிசின் இரத்தத்தில் சேரும் அளவை அது கூட்டுவதால், 450 மில்லிகிராமுக்குப் பதில் 200 மில்லிகிராம் மட்டும் கொண்ட கூட்டு மருந்துக்கு 2009இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. அதன் பின்னே ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். என்னும் அரசு ஆராய்ச்சி அமைப்பின் ஆய்வகத்தின் உழைப்பு இருக்கிறது.

பிறகு ஏன் கிருமியைக் கொல்லும் மருந்தாக ஒன்றும் வரவில்லை? குறை செடியில் இல்லை, தேடிய முறையில் இருக்கிறது. மெழுகு போன்ற சுவர் போர்த்திய இக்கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும்; அதனால் அதைச் சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் கிருமியையும் சேர்மத்தையும் இட்டு, சில நாள் கழித்து ரெசசுரின் என்னும் நீலச் சாயத்தைச் சொட்டினால், கிருமி உயிரோடிருக்கும் குழி இளஞ்சிவப்பாகும். அடங்கிய குழி நீலமாகவே நிற்கும். பல ஆய்வுகள் இந்த நீலத்தைக் கண்டதும் நின்றுவிட்டன. பச்சிலைச் சாற்றை அளவின்றி ஊற்றி நீலம் கண்டவர்கள், எந்தச் சேர்மம் வேலை செய்தது என்று பிரித்தறியவில்லை. அதே அளவில் மனித உயிரணு பிழைக்குமா என்றும் பார்க்கவில்லை. மஞ்சளின் குர்குமினைப் போல எந்தச் சோதனையிலும் வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளும் சேர்மங்களிடம் ஏமாந்தவர்களும் உண்டு.

எதிரணி பெருமையோடு காட்டும், 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காசநோய் மருந்தான பெடாக்விலின், காகிதத்தில் வரைந்து கிடைத்ததன்று. எண்ணற்ற சேர்மங்களைக் காசநோய்க் கிருமியின் சாதுவான உறவுக்கிருமி ஒன்றின்மேல் சோதித்தபோது அகப்பட்டது. செடிச் சேர்மங்களையும் தூய்மைப்படுத்தி அதே சோதனைக்கு உட்படுத்துங்கள் என்கிறோம். கஷாயம் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துங்கள் என்று எங்கள் அணியில் எவரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். பெடாக்விலினுக்கும் அடங்காத கிருமிகள் ஏற்கெனவே தோன்றிவிட்ட நிலையில், அடுத்த தட்டின் குழிகளில் எதை இடப்போகிறார்கள் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.