அடியில் இருக்கிறவனை எழுப்பாதே

நேயர்களுக்கு வணக்கம். நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் அளந்தே என் உத்தியோக காலம் கழிந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தும் புத்தி மாறவில்லை. நம் ராமநாதபுரம் கரையில் வாலிநோக்கம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனால்கூட முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இதெல்லாம் என் அப்பத்தாவிடம் ஆரம்பித்தது. விடிவதற்கு முன்னால் மணலில் ஊற்றுத் தோண்டப் போகும். கடல் கூப்பிடு தூரத்தில்தான். முழங்கை ஆழம் பறித்தால் தண்ணீர் மெதுவாகக் கசியும். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றும். ஒரு குடம் நிறைவதற்குள் கிழக்கு வெளுத்துவிடும். எனக்குப் பொறுமை ஏது? ஒருநாள் அது அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் இடுப்பளவு தோண்டிவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. வாயில் வைத்தால் ஒரே கரிப்பு. முதுகில் ஒன்று போட்டுவிட்டு, "அடியில இருக்கிறவன எழுப்பாதடா" என்றது.

அடியில் இருக்கிறவன் யார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடல்தான். மழைத் தண்ணீர் லேசு, கடல் தண்ணீர் கனம். குழம்பின் மேல் எண்ணெய் நிற்பதுபோல, மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் நல்ல தண்ணீர் நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் என்பது கணக்கு. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறதா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே அந்த 1 அடியைக் குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். மறுநாளே ஏறிவிடாது. ஏறியது இறங்க எத்தனை ஐப்பசி, கார்த்திகை வேண்டுமோ!

நெய்வேலியில் கதை வேறு. 1957இல் தோண்ட ஆரம்பித்த சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேல்மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். அதனால் ஆழ்குழாய் போட்டு இரவும் பகலும் இறைக்க வேண்டும். இறைத்தால் சுற்று வட்டாரத்தில் மட்டம் இறங்கும். கிழக்கே கடலூர்க் கடல் வேறு இருக்கிறது. அதனால்தான் கண்காணிப்புக் கிணறுகள். நிலக்கரியில் கந்தகம் உண்டு, காற்றும் நீரும் பட்டால் அமிலமாகலாம். ஆகவே சுரங்கத் தண்ணீரில் சல்பேட், இரும்பு, புளிப்பு பார்ப்பார்கள். நம் கரையில் முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு, கடல் உப்பு கலந்திருக்கிறதா என்று காட்டுவது அதுதான்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. நாடாவின் நுனியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் நிறம் மாறியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் குழாயின் வாயிலிருந்தும், மறு வாரம் தரையிலிருந்தும் அளந்துவிட்டேன். நோட்டில் பார்த்தால், சொட்டு மழை இல்லாமல் தண்ணீர் ஒன்றரை அடி ஏறியிருக்கிறது! "கிணத்துக்குள்ள லாரித் தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டார் பெரியவர். அன்றிலிருந்து எந்தக் கிணற்றைக் கண்டாலும் விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன். நீங்களும் போடுங்கள். ஒரே கிணறு, ஒரே கோடு. இரவு முழுக்க மோட்டாரை நிறுத்திவிட்டுக் காலையில் அளக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை. தேதியோடு எழுதி வைக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், ஒரே கோடு.

அப்புறம் இந்த டிடிஎஸ் பேனா, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கிற சின்னக் கருவி. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. கடல் தண்ணீர் சுமார் 35,000. பேனா மொத்த உப்பைத்தான் சொல்லும். ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம்.

நேரம் முடிந்தது என்று வானொலி நிலையக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தண்ணீர் பிடிக்கிற முறையை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: சுத்தமான பாட்டில், அதே கிணற்றுத் தண்ணீரில் மூன்று தடவை அலசல், மோட்டார் சற்று நேரம் ஓடிய பிறகு கழுத்துவரை பிடித்து மூடி, கிணற்றின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, அன்றைக்கே கொண்டு போய்க் கொடுங்கள். வணக்கம்.