வேலிக்கு வெளியே நிற்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினொரு வருஷமாக ஒரு மாலைநேர இறகுப்பந்துக் குழுவை நடத்தி வருகிறேன். செவ்வாயும் வெள்ளியும் ஆறரை மணிக்கு ஆட்டம் தொடங்கும். அங்கே வந்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பதை ஒட்டிய வயது. கம்பிவேலிக்கு வெளியே நிற்பார். கையில் ராக்கெட், அதன் உறைகூடப் பிரித்திருக்காது. யாராவது திரும்பிப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் வந்தவரிடம் நானே போய், "ஒரு ஆள் குறையுது சார், உள்ளே வாங்க" என்றேன். உண்மையில் ஆள் குறையவில்லை. நான் வெளியே உட்கார்ந்துகொண்டேன். அவர் அடித்த முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் ஷட்டிலை எடுத்துக் கொடுத்து, "பரவாயில்லை சார், அடிங்க" என்றார்.

வயது வந்தவர்கள் ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டால் நேரமில்லை என்போம். அதுவும் உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை அதைவிடப் பெரிய தடை கூச்சம். பள்ளியை விட்டு முப்பது வருஷம் கழித்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவே பந்தைத் தவறவிட யாருக்கு மனசு வரும்? 2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் வயது வந்தோரில் 31 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 180 கோடிப் பேருக்கு, போதிய உடலியக்கம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் எத்தனை பேர் வேலி வரை வந்து திரும்பிப் போனவர்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. இரண்டு மாலைகளில் அது கைக்கு வந்துவிடும்.

கூச்சத்தைப் புரிந்துகொண்டு நடத்தப்படும் ஆட்டங்கள் உலகில் இருக்கின்றன. 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் பார்க்ரன் அப்படித் தொடங்கியதுதான். 5 கிலோமீட்டர் தூரம், கட்டணம் கிடையாது, நடந்தும் போகலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். முடிப்பதில் அவர்தான் கடைசி. அதனால் வந்தவர்களில் யாருக்கும் 'நான்தான் கடைசி' என்ற பயம் இல்லை. இதை யோசித்தவருக்கு மனித மனசு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நடைக் கால்பந்து என்று ஒன்று உண்டு. ஓடினால் தவறு, பந்து எதிரணிக்குப் போய்விடும். முட்டி தேய்ந்தவரும் ஆடலாம். 1965இல் அமெரிக்காவில் பிறந்த பிக்கிள்பால், துளையுள்ள பிளாஸ்டிக் பந்தை மட்டையால் நெட்டுக்கு மேலே அடித்து ஆடும் ஆட்டம். அதற்குத் தனி மைதானம்கூடத் தேவையில்லை. இறகுப்பந்து இரட்டையர் கோர்ட்டின் அதே 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்தான். நெட்டை இறக்கிக் கட்டினால் போதும்.

ஆடத் தொடங்குகிறவர்கள் முதல் மாதம் கொஞ்சம் அடக்கி ஆடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் முதல் நாளே ஆசை தீர இரண்டு மணி நேரம் ஆடினார். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் கிழிந்து, மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்த பழக்கம் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

குழு நடத்துகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நன்றாக ஆடும் இருவரை ஒரே பக்கம் நிற்க விடாதீர்கள். ஆட்டத்தை 21 புள்ளி வரை இழுக்காமல் 11இல் முடித்தால் காத்திருப்பவருக்குச் சீக்கிரம் முறை வரும். எங்களுக்குப் புரிய வருஷக்கணக்கானது இன்னொன்று. பெண்கள் ஒரு மாதம் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். ஆர்வமில்லை என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். கேட்ட பிறகுதான் தெரிந்தது, ஆறரை மணி என்பது வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும் நேரம், திரும்பும் வழியிலும் விளக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஆட்டம் வைத்தோம். இப்போது அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். முன்பே கேட்டிருக்கலாம் என்று இன்றும் வருத்தம் உண்டு.

வேலிக்கு வெளியே நின்ற அந்த நண்பர் ஆறேகாலுக்கே வந்து நெட் கட்டுகிறார். அவருடைய சர்வீஸ் இன்னமும் பாதி நேரம் அந்த நெட்டிலேயே விழுகிறது. சிரித்துக்கொண்டே குனிந்து எடுக்கிறார்.

நன்றி, வணக்கம்.